போருக்குப் பிந்தைய இத்தாலியக் கடற்கரை ஊர்களில் பள்ளிப் பிள்ளைகள் என்ன உடுத்தினார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர் இத்தாலியில் 1945 ஏப்ரல் கடைசியில் ஓய்ந்தது. அதற்கடுத்த பதினைந்து ஆண்டுகளில், மீன்பிடித்துப் பிழைத்த ஏழைக் கடற்கரை ஊர்களில் தொடக்கப்பள்ளிக்குப் போன பிள்ளைகளின் உடையைப் பற்றியது இந்தப் பக்கம். அந்தக் காலத்து வகுப்புப் படங்களைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் ஒரே மாதிரி, எவ்வளவு நேர்த்தி!" என்று வியப்பவர்கள் நிறையப் பேர். அந்த நேர்த்தி எவ்வளவு தூரம் உண்மை என்பதையும் பார்த்துவிடலாம்.

அப்போது இத்தாலியில் பள்ளிச் சீருடை என்று ஒன்று இருந்ததா?

நாம் பழகிய சட்டை, கால்சட்டை, பாவாடை என்ற சீருடை இல்லை. இருந்தது கிரெம்பியூலே என்ற ஒரு மேலங்கி. வீட்டில் போட்டிருக்கும் உடை எதுவானாலும் அதன் மேல் மாட்டிக்கொள்வது. முழுக்கை, முழங்கால்வரை நீளம், பெரும்பாலும் முதுகுப் பக்கம் பொத்தான். சின்னப் பிள்ளைகளால் தாங்களாகப் போட்டுக்கொள்ள முடியாது, அக்காவோ அம்மாவோ பொத்தான் போட்டுவிட வேண்டும். கழுத்தில் தனியாக மாட்டும் வெள்ளைப் பட்டை, அதன் கீழே ரிப்பன் முடிச்சு. ரிப்பன் பல ஊர்களில் நீலம்.

இதைப் போட்டே ஆக வேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் எதுவும் இல்லை. பள்ளியும் ஊர் வழக்கமும்தான் முடிவு செய்தன. அதனால் நிறம், நீளம், ரிப்பன் எல்லாமே ஊருக்கு ஊர் மாறின. "இத்தாலியில் ஆண் பிள்ளைகளுக்கு இந்த நிறம், பெண் பிள்ளைகளுக்கு அந்த நிறம்" என்று யாராவது ஒரே வரியில் சொன்னால், அது அவருடைய ஊர்க் கதை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் கறுப்பு? பாசிசக் கருஞ்சட்டையின் மிச்சமா?

இல்லை. பள்ளி மேலங்கி பாசிசத் தலைவர் முசோலினிக்கு முன்பே வந்துவிட்டது. கறுப்புக்குக் காரணம் மை. தொட்டு எழுதும் பேனாதான் அன்று. மேசையில் ஒரு குழி, அதில் மைக்கூடு, அதைப் பள்ளி ஊழியர் நிரப்பிவிட்டுப் போவார். எட்டு வயதுப் பிள்ளை நிப்பைத் தொட்டுத் தொட்டு எழுதினால் பாதி மை தாளில், மீதி கையில். அந்தக் கையை எங்கே துடைப்பது? கறுப்பு மேலங்கியில் துடைத்தால் தெரியாது.

இன்னொரு காரணம் சாயம். எந்த நிறத்துப் பழைய துணியானாலும் அண்டாவில் கொதிக்கவைத்துக் கறுப்புச் சாயம் ஏற்றிவிடலாம். காசில்லாத வீட்டில் இதுதான் பெரிய வசதி. வெள்ளை மேலங்கி கேட்ட பள்ளிகளும் உண்டு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு. ஆனால் வெள்ளையை வெளுப்பாக வைத்திருக்க சோப்பும் தண்ணீரும் வேண்டும். போர் முடிந்த கையோடு இரண்டுக்குமே தட்டுப்பாடு.

பாசிச ஆட்சியில் பிள்ளைகள் போட்ட சீருடை என்ன ஆனது?

1926இல் தொடங்கிய பலில்லா என்ற பாசிசப் பிள்ளைகள் இயக்கம் பிள்ளைகளை வயதுவாரியாகப் பிரித்து உடை வகுத்தது. ஆண் பிள்ளைகளுக்குக் கறுப்புச் சட்டை, கழுத்தில் நீலக் கைக்குட்டை, அரைக்கால்சட்டை, தலையில் குஞ்சம் வைத்த தொப்பி. பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டையும் கறுப்பு மடிப்புப் பாவாடையும். தினமும் பள்ளிக்கு இதைப் போட்டுப் போகவில்லை. சனிக்கிழமை அணிவகுப்புக்கும் விழாக்களுக்கும்தான். தினப்படிக்கு அப்போதும் மேலங்கிதான்.

1943 ஜூலையில் முசோலினி பதவி இழந்ததும் அந்த உடையை வெளியில் காட்ட யாருக்கும் விருப்பமில்லை. அதற்காகத் துணியைத் தூக்கியா எறிவார்கள்? சின்னங்களைப் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி வெட்டித் தைத்தார்கள். நல்ல கறுப்புத் துணி, மேலங்கிக்கு ஆகும்.

மேலங்கிக்கு அடியில் என்ன போட்டிருந்தார்கள்?

இங்கேதான் நிஜக் கதை இருக்கிறது. மேலே கறுப்புத் துணி, அடியில் கிடைத்ததெல்லாம்.

அப்பாவின் பழைய கோட்டு மகனுக்குக் கோட்டாகும். அப்படியே வெட்டுவதில்லை. வெளிப்பக்கம் வெளுத்துப் பளபளத்துப் போயிருக்கும். அதனால் தையலைப் பிரித்து, துணியைப் புரட்டி, உள்பக்கம் வெளியே வரும்படி மறுபடி தைப்பார்கள். உள்பக்கம் வெயில் படாதது, நிறம் புதிதாக இருக்கும். ஒரு சிக்கல்: ஆண்களின் கோட்டில் மார்புப் பை இடப்பக்கம் இருக்கும். புரட்டித் தைத்தால் அது வலப்பக்கம் போய்விடும், பொத்தான் வரிசையும் மாறிவிடும். தெரிந்தவர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். இத்தாலிய முதியவர்களிடம் புரட்டிய கோட்டைப் பற்றிக் கேட்டால், முதலில் பேசுவது அந்தப் பையைப் பற்றித்தான்.

ஆங்கிலேய, அமெரிக்கப் படைகளின் கம்பளிப் போர்வைகள் கோட்டுகளாயின. முரட்டுத் துணி, கழுத்தில் அரிக்கும், ஆனால் குளிர் தாங்கும். பாராசூட் துணி கிடைத்த வீட்டில் அது சட்டையாகவும், பெண் பிள்ளை முதல் நற்கருணை என்ற கத்தோலிக்கச் சடங்குக்குப் போடும் வெள்ளை உடையாகவும் மாறியது. நிவாரண மாவு வந்த சாக்குகளைக் கொதிக்கவைத்து உள்ளாடை தைத்தார்கள். அச்செழுத்து அவ்வளவு சீக்கிரம் போகாது. பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, நூலை நனைத்து, சுருக்கம் போகக் காயவைத்து, வேறு அளவில் மறுபடி பின்னுவார்கள். நூல் போதவில்லை என்றால் கை மட்டும் வேறு நிறத்தில் வரும்.

ஆண் பிள்ளைகள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுவரை அரைக்கால்சட்டைதான், ஜனவரிக் குளிரிலும். அது அன்றைய வழக்கம், துணியும் மிச்சம். முழங்கால்வரை கம்பளிக் காலுறை, அது நழுவாமலிருக்க ரப்பர் நாடா. முழங்கால் மட்டும் காற்றுக்கு.

இந்தத் துணியெல்லாம் எங்கிருந்து வந்தது?

முதலில் பஞ்சத்தைச் சொல்ல வேண்டும். 1941 முதல் உடைக்கும் ரேஷன் அட்டை, புள்ளிக் கணக்கு. கம்பளிக்குப் பதில் லானிட்டல் என்று ஒன்று வந்தது. பாலிலிருந்து பிரித்த கேசின் புரதத்தில் செய்த இழை, 1930களில் இத்தாலியில் கண்டுபிடித்தது. நாட்டுப் பெருமையாக விளம்பரம் செய்தார்கள். நனைந்தால் வலுவிழந்துவிடும். ஈரக்காற்று வீசும் கடற்கரைக்கு இதைவிடப் பொருந்தாத துணி இருக்க முடியாது.

போருக்குப் பின் ஐக்கிய நாடுகளின் நிவாரண அமைப்பான உன்ரா 1947வரை இத்தாலியில் வேலை செய்தது. உணவு மட்டுமில்லாமல் பருத்தியும் கம்பளியும் மூலப்பொருளாகக் கப்பலில் வந்தன. அவற்றை இத்தாலிய ஆலைகளே நூற்று நெய்தன. நின்றுபோன ஆலைக்கு வேலை, உடையில்லாதவர்களுக்குத் துணி. நல்ல யோசனைதான்.

அப்புறம் அமெரிக்கப் பொட்டலம். தெற்கு இத்தாலியில் நியூயார்க்கிலோ நியூஜெர்சியிலோ உறவினர் இல்லாத ஊர் குறைவு. அங்கிருந்து மூட்டை மூட்டையாகப் பழைய உடைகள் வந்தன. கட்டம் போட்ட சட்டை, பளீர் நிறத்தில் கவுன், அளவு பொருந்தாத காலணி. சாம்பலும் கறுப்புமாக இருந்த மீனவத் தெருவில் ஒரு பையன் மஞ்சள் கட்டம் போட்ட சட்டையில் வந்தால் ஊருக்கே தெரிந்துவிடும், பொட்டலம் வந்திருக்கிறது என்று. பள்ளியில் மட்டும் மேலங்கி அதை மூடிவிடும்.

சந்தையும் இருந்தது. நேப்பிள்ஸ் வளைகுடாவில் ரெசீனா என்ற ஊர், இன்றைய பெயர் எர்கொலானோ. அங்கே பூலியானோ தெருவில் நேச நாட்டுப் படைகளின் போர்வை, பூட்ஸ், சீருடைகள் விற்கும் சந்தை முளைத்தது. சரக்கில் ஒரு பங்கு ஓடும் ராணுவ லாரிகளிலிருந்து இறங்கியது. எப்படி இறங்கியது என்று வாங்குபவர் கேட்பதில்லை. இன்றும் அது பழைய துணிச் சந்தையாகவே நடக்கிறது. வடக்கே லிவோர்னோ துறைமுகத்திலும் "அமெரிக்கச் சந்தை" என்றே பெயர் பெற்ற ஒன்று உருவானது.

காலில் என்ன போட்டார்கள்?

தெற்கில் பலர் எதுவும் போடவில்லை. பள்ளி அக்டோபர் 1 அன்று திறக்கும். அது புனித ரெமிஜியோ திருநாள் என்பதால் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு "ரெமிஜீனி" என்று செல்லப்பெயர். கலாப்ரியாவிலும் சிசிலியிலும் அக்டோபரில் இன்னும் வெயில் உண்டு, வெறுங்கால் கஷ்டமில்லை. நவம்பர் மழை தொடங்கியதும்தான் பாடு. மழைநாளில் வகுப்பில் பாதி இருக்கை காலி என்றால் காய்ச்சல் என்று நினைக்க வேண்டாம், காலணி இல்லை என்று அர்த்தம். வீட்டில் ஒரே ஜோடி இருந்து, இன்று அண்ணன், நாளை தம்பி என்று முறைவைத்து வந்த பிள்ளைகளும் உண்டு.

காலணி இருந்தாலும் அதைக் காப்பாற்றுவதே பெரிய வேலை. அடியில் வட்டத்தலை ஆணிகளை வரிசையாக அடித்துவிடுவார்கள், தோல் தேயாமலிருக்க. கல் பாவிய தெருவில் பிள்ளை ஓடிவரும் சத்தத்திலேயே ஆள் அடையாளம் தெரியும். இரண்டு அளவு பெரிதாக வாங்கி முனையில் காகிதம் திணிப்பார்கள். வெறுங்காலில் நடந்து, கோவில் வாசலிலோ பள்ளி வாசலிலோ கால் துடைத்து மாட்டிக்கொள்வதும் உண்டு. அட்ரியாட்டிக் கரையில் மரக்கட்டைச் செருப்பு பரவலாக இருந்தது. தேய்ந்த லாரி டயரை வெட்டி அடியாக வைத்துத் தைப்பது எல்லாக் கரையிலும் நடந்தது.

1951இல் இத்தாலிய நாடாளுமன்றம் வறுமையைப் பற்றி ஒரு பெரிய விசாரணையைத் தொடங்கியது. ஒரு குடும்பம் ஏழையா இல்லையா என்று கணக்கிட அவர்கள் பார்த்தவை: ஓர் அறையில் எத்தனை பேர், சர்க்கரையும் இறைச்சியும் ஒயினும் எவ்வளவு, காலணி எந்த நிலையில். மற்ற உடையைவிடக் காலணியே வறுமையை அளக்கும் கருவி என்று முடிவு செய்தவர் யாரோ, ஊர் நிலவரம் தெரிந்தவர். சுமார் நான்கில் ஒரு குடும்பம் வறுமையிலோ அதை ஒட்டியோ இருந்ததாகக் கணக்கு வந்தது. மிக மோசமான நிலையில் இருந்தவர்களில் பெரும்பகுதியினர் தெற்கிலும் தீவுகளிலும்.

கடற்கரை ஊர் என்பதால் உடையில் ஏதாவது தனித்துவம் உண்டா?

உண்டு. முதலாவது பணம் வரும் விதம். மீனவருக்கு மாதச் சம்பளம் கிடையாது, பிடித்த மீனில் பங்கு. கடல் கொந்தளித்தால் பங்கு இல்லை. துணிக்கடையிலும் மளிகைக் கடையிலும் பற்றுப் புத்தகத்தில் எழுதிவைத்துவிட்டு, நல்ல மீன்பாடு கிடைத்தபோது அடைப்பார்கள். பள்ளி திறப்பது அக்டோபரில், கடல் மோசமாகத் தொடங்குவதும் கிட்டத்தட்ட அப்போதே. மேலங்கிக்கான செலவு வந்து விழுவது சரியாகக் கையில் காசில்லாத மாதத்தில்.

இரண்டாவது, வீட்டில் இருக்கும் பொருள். படகின் பாய்த்துணி, வலைநூல், கயிறு. கிழிந்த பாயின் நல்ல பகுதி கால்சட்டைக்கு ஒட்டுப்போட ஆகும். பெண்கள் வலை பின்னிப் பழகியவர்கள், ஒட்டுத்தையலில் அந்தக் கைநேர்த்தி தெரியும். அட்ரியாட்டிக் கரையில் சான் பெனெடெட்டோ தெல் திரொன்தோ என்ற ஊரில் சணல்கயிறு திரிப்பது பெருந்தொழில். சக்கரம் சுற்றும் வேலைக்குச் சின்னப் பையன்களைத்தான் வைப்பார்கள். பள்ளிக்கு வராத நாளில் அவன் உடம்பில் மேலங்கி இருக்காது, சணல்தூசி இருக்கும். கலாப்ரியக் கரையில் மஞ்சள் பூப் பூக்கும் ஒரு புதர்ச்செடியின் தண்டை ஊறவைத்து நார் எடுத்து, வீட்டுத் தறியில் முரட்டுத் துணி நெய்தார்கள்.

மூன்றாவது துக்கம். கடலில் போனவர் திரும்பாத வீடுகள் இந்த ஊர்களில் அதிகம். தெற்கில் துக்கம் ஆண்டுக்கணக்கில் நீளும். பெண் பிள்ளைகளின் உடைகளையெல்லாம் கறுப்புச் சாயத்தில் முக்கிவிடுவார்கள். பையனுக்குக் கையில் கறுப்புப் பட்டையோ சட்டையில் கறுப்புப் பொத்தானோ. வகுப்பே கறுப்பு மேலங்கியில் இருக்கும்போது துக்கவீட்டுப் பிள்ளை தனியாகத் தெரியமாட்டாள். ரிப்பன் இல்லாததை வைத்துத்தான் ஆசிரியர் கவனிப்பார்.

மீனவர் பிள்ளைகள் மாலுமி உடை போட்டிருந்தார்களா?

படங்களில் நாம் பார்க்கும் நீலப் பட்டை வைத்த மாலுமிச் சட்டை வசதியான நகரத்து வீட்டுப் பிள்ளைகளுடையது. கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளை அதைப் போடவில்லை.

பேன், நோய் என்று உடையைச் சுற்றிப் பிரச்சினை இருந்ததா?

நேப்பிள்ஸில் 1943–44 குளிர்காலத்தில் டைபஸ் காய்ச்சல் பரவியது. உடைப் பேன்தான் அதைப் பரப்பும். நேச நாட்டு மருத்துவக் குழுக்கள் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் மீது டிடிடி தூளைத் தூவின. கைப்பம்பின் மூக்கைச் சட்டைக் கைக்குள்ளும் கழுத்துக்குள்ளும் விட்டு, உடையைக் கழற்றாமலே உள்ளே அடிப்பார்கள். நோய் கட்டுக்குள் வந்தது. அதன் பிறகும் பள்ளிகளில் தலைப்பேன் சோதனை நீண்டநாள் தொடர்ந்தது. வகுப்புப் படத்தில் மொட்டைத் தலையோடு நிற்கும் பையன்களுக்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

ஏழைப் பிள்ளைகளுக்கு உடை கொடுக்க யாராவது இருந்தார்களா?

பல கைகள் இருந்தன, எதுவும் போதுமானதாக இல்லை. 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு ஊரிலும் பள்ளி உதவிக் குழு இருக்க வேண்டும். புத்தகம், மதிய உணவு, காலணி, மேலங்கி ஆகியவை அதன் பொறுப்பு. நகராட்சியின் உதவி அலுவலகம் ஏழைகள் பட்டியல் ஒன்றை வைத்திருந்தது, அதில் பெயர் இருந்தால் உதவி. பெயர் ஏறுவது அவமானம் என்று நினைத்து எழுதிக்கொடுக்காத குடும்பங்களும் உண்டு. திருச்சபையின் உதவி அமைப்பு தனி. ஜனவரி 6 பெஃபானா திருநாளன்று பரிசு என்ற பெயரில் காலணியும் ஸ்வெட்டரும் கொடுக்கும் வழக்கமும் இருந்தது.

மறக்க முடியாதது "மகிழ்ச்சி ரயில்கள்". இத்தாலியப் பெண்கள் சங்கமும் கம்யூனிஸ்ட் கட்சியும் சேர்ந்து, போரில் நொடிந்த ஊர்களின் பிள்ளைகளை எமிலியா போன்ற வடபகுதிக் குடும்பங்களுக்குச் சில மாதம் அனுப்பிவைத்தன. 1945 கடைசியில் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் மொத்தம் சுமார் 70,000 பிள்ளைகள் போய்வந்தார்கள். நேப்பிள்ஸ் பிள்ளைகளுக்குக் கிளம்பும் முன் புதுக் கோட்டு கொடுத்தார்கள். ரயில் நகரும்போது பல பிள்ளைகள் கோட்டைக் கழற்றி ஜன்னல் வழியாக அம்மாவிடம் போட்டுவிட்டதாக ஏற்பாட்டாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் தம்பி தங்கைகள் இருக்கிறார்களே.

1951 நவம்பரில் போ நதி உடைத்துக்கொண்டு பொலேசினே சமவெளி மூழ்கியபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு இழந்தார்கள். நாடெங்குமிருந்து உடை வந்து குவிந்தது. சிசிலியில் டிராப்பெட்டோ என்ற மீனவ ஊரில் 1952இல் ஒரு குழந்தை பசியால் இறந்தது. சமூக ஊழியர் தனிலோ தொல்ச்சி அந்தக் குழந்தையின் கட்டிலிலேயே படுத்து உண்ணாவிரதம் இருந்தார். அப்படிப்பட்ட ஊரில் மேலங்கியில் காலர் வெள்ளையாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஆசிரியருக்கு எப்படி மனம் வரும்?

மேலங்கி ஏழை பணக்காரன் வித்தியாசத்தை மறைத்ததா?

மறைக்கத்தான் வந்தது என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு முழு உடன்பாடில்லை. முதலில், மேலங்கியே ஒரு செலவு. சொந்தத் துணி ஒன்றே இருந்தவனுக்கு இது இரண்டாவது துணி. அப்புறம், மேலங்கியிலேயே வித்தியாசம் தெரிந்தது. வசதியான பிள்ளையுடையது மினுங்கும் சாட்டின், அளவெடுத்துத் தைத்தது, காலர் கஞ்சி போட்டு விறைத்து நிற்கும். ஏழைப் பிள்ளையுடையது வெளுத்துப் பழுப்பேறி, அக்காவிடமிருந்து இறங்கி வந்து, ஓரத்தை மடித்துத் தைத்துப் பிரித்துத் தைத்த கோடுகளோடு இருக்கும். வளர வளர மடிப்பைப் பிரிப்பார்கள். ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு கோடு. முழங்காலுக்கு மேலே ஓரளவு மறைத்தது, அவ்வளவுதான். முழங்காலுக்குக் கீழே மேலங்கிக்கு அதிகாரமில்லை.

ஆனால் பிள்ளைகளுக்கு அது வெட்கத்திலிருந்து கொஞ்சம் ஓய்வு கொடுத்தது என்பதையும் மறுக்க மாட்டேன். சாக்குத்துணிச் சட்டையை வகுப்புக்குக் காட்டாமல் இருக்க முடிந்ததே.

பழைய வகுப்புப் படங்களை எவ்வளவு நம்பலாம்?

உடை இப்படியும் இருந்தது என்பதற்குச் சாட்சியாக நம்பலாம். தினமும் இப்படித்தான் என்று நம்ப வேண்டாம். படக்காரர் வரும் நாள் முன்பே தெரியும். காலர் துவைத்து வரும், ரிப்பன் இரவல் வரும். காலணி இல்லாத பிள்ளைகளைப் பின்வரிசைக்குத் தள்ளினால் கால் தெரியாது. காலணி இல்லை என்று அன்றைக்கு வராத பிள்ளை படத்திலேயே இல்லை. இதையெல்லாம் மீறி வந்த படங்களும் உண்டு. 1948இல் தீனோ பெத்ரெல்லி என்ற பத்திரிகைப் படக்காரர் கலாப்ரிய மலையூரான ஆப்ரிக்கோவில் எடுத்தவை, வெறுங்கால் பிள்ளைகளை அப்படியே காட்டின. அந்த ஊரை 1951இல் கலாப்ரியாவில் வந்த வேறொரு வெள்ளம் அழித்துவிட்டது. மக்களைப் பின்னர் அயோனியக் கடற்கரைக்கு இடம் மாற்றினார்கள்.

எப்போது நிலைமை மாறியது?

1950களின் பிற்பாதியிலிருந்து. பெல்ஜியச் சுரங்கங்களுக்கும் வட இத்தாலிய ஆலைகளுக்கும் போன அப்பாக்கள் அனுப்பிய பணம் ஒரு காரணம். பெரிய கடைகளில் ஆயத்த உடை மலிவாகக் கிடைத்தது. 1960களில் நைலான் மேலங்கி வந்தது. துவைத்தால் உடனே காயும், இஸ்திரி வேண்டாம், கோடையில் வேர்த்துக் கொட்டும். பால்பாயிண்ட் பேனா வந்து மைக்கூடு போனதும் கறுப்புக்கும் வேலையில்லாமல் போயிற்று. நீலமும் வெள்ளையும் இளஞ்சிவப்பும் பரவின.

சட்டமும் சேர்ந்து நகர்ந்தது. எட்டு ஆண்டுக் கல்வி கட்டாயம், இலவசம் என்று 1948ஆம் ஆண்டு அரசியலமைப்பு சொன்னாலும், 1951 கணக்கெடுப்பில் கலாப்ரியாவில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு எழுத்தறிவில்லை. எல்லாருக்கும் பொதுவான நடுநிலைப் பள்ளி 1963இல்தான் வந்தது. தொடக்கப்பள்ளிப் பாடநூல் 1964இல் இலவசமானது.

இன்றும் மேலங்கி இருக்கிறதா?

சில பள்ளிகளில் உண்டு. மழலையர் பள்ளிகளில் சின்னக் கட்டம் போட்டது அதிகம். 1970களில் பல ஊர்களில் கைவிட்டார்கள். 2008இல் கல்வி அமைச்சர் மரியஸ்தெல்லா ஜெல்மீனி திரும்பக் கொண்டுவரலாம் என்று பேசியபோது நாடே இரண்டுபட்டு விவாதித்தது. கடைசியில் முடிவு பழையபடி பள்ளிகளிடமே நின்றது.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

மச்செராத்தா பல்கலைக்கழகத்தில் பள்ளிக்கூட அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பழைய மேசை, பள்ளிப் பொருள்கள் எல்லாம் அங்கே பார்க்கலாம். செசெனாத்திகோவின் கடல் அருங்காட்சியகத்தில் பழைய மீன்பிடிப் படகுகள் வண்ணப் பாய்களோடு கால்வாயிலேயே மிதக்கின்றன. நேப்பிள்ஸ் பக்கம் போனால் எர்கொலானோ இடிபாடுகளைப் பார்த்த கையோடு பூலியானோ சந்தைக்கும் நடந்து போகலாம். காலையில் போங்கள், அப்போதுதான் கடைகள் களைகட்டியிருக்கும்.